ஒரே ஒரு ரிங்

ஒரு ரிங் போயிருக்கும். அதற்குள் கட் பண்ணிவிட்டேன். போகாமலும் இருந்திருக்கலாம். இந்தப் போனில் நம்பரை அழுத்தினால் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது, பிறகுதான் அந்தப் பக்கம் மணி அடிக்கும். அடித்த பிறகு கட் பண்ணினேனா, அடிப்பதற்கு முன்பேவா, பஸ் கோவில்பட்டி ஸ்டாண்டை விட்டு வெளியே வந்து வேகம் பிடிக்கிற வரைக்கும் இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். சட்டைப் பையில் போன் கனக்கிறது. விடிந்தும் விடியாமலும் கக்கூஸிலிருந்து மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ வெளியே வந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, கண்ணாடி போடாமலே மதுரை ஆஸ்பத்திரி பியூலா சிஸ்டர் பேரைத் தேடி அழுத்தியிருக்கிறேன். அழுத்தியதும் பயம். எடுத்துவிட்டால் என்ன சொல்வது. ரத்தம் பழையபடி வருகிறது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான், மூன்றே வார்த்தை. அதைச் சொல்லத்தான் அந்தப் பிள்ளை நம்பர் கொடுத்தது. மிஸ்டு காலைப் பார்த்தால் கண்டிப்பாகக் கூப்பிடும், டியூட்டிக்கு வந்து போனைக் கையில் எடுத்தவுடன் கூப்பிடும், இந்நேரம் வந்திருக்கும். வந்திருந்தால் ஏன் கூப்பிடவில்லை. அப்படியென்றால் ரிங் போகவில்லை. போகாமல் இருந்தால் நல்லதுதான். நல்லதா? பின்வாசல் படியை ஒட்டின சீட்டாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். கண்டக்டராக இருந்த காலத்திலிருந்து இந்தப் பழக்கம், எங்கே உட்கார்ந்தாலும் படி பக்கத்தில் இருக்க வேண்டும். மடியில் துணிப்பை, அதில் பேத்திக்கு எடுத்த பாவாடை சட்டை, தோடு, ஒரு மாற்று வேட்டி. பையை வயிற்றோடு அழுத்திப் பிடித்திருக்கிறேன். முன்பு தோல்பையை இப்படித்தான் அழுத்திப் பிடிப்பேன், சில்லறை கனத்தில் வயிற்றுக்குக் கொஞ்சம் இதமாக இருக்கும். துணிப்பைக்கு அந்தக் கனம் இல்லை.

சங்கரன்கோவில் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கே கோவிலில் என் மகள் உலகம்மையின் பிள்ளைக்குக் காதுகுத்து. பிள்ளைக்கு ஷ் வருகிற மாதிரி ஒரு பேர் வைத்திருக்கிறார்கள், என் வாயில் வராது, குட்டி என்றுதான் கூப்பிடுவேன். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். உலகுவுக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. என் தம்பி மகன் ஒருவன் இருக்கிறான், அவனை வைத்துக்கொள்ளலாமே என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். "நீங்கதான் மடியில வைக்கணும்ப்பா, அம்மா இருந்தா பக்கத்துல நின்னு பிள்ள கையப் பிடிச்சிருப்பா, நீங்களாவது இருங்க. ஒடம்பு நல்லாத்தான இருக்கு?" என்றாள். "நல்லா இருக்கேன் தாயி" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் என்னை இந்தச் சீட்டில் கொண்டுவந்து உட்கார்த்தியிருக்கிறது. குட்டி மடியில் இருக்கும். ஆசாரி கம்பியை எடுப்பார். பிள்ளை வீரிட்டுக் காலை உதைக்கும், குதிகால் நேராக என் அடிவயிற்றில் இறங்கும், சுற்றிலும் சம்பந்தி வீட்டார், மேளம், அந்த நேரத்தில் எனக்கு முட்டிக்கொண்டு வந்தால் பிள்ளையைத் தூக்கி யார் கையில் கொடுத்துவிட்டு எந்தப் பக்கம் ஓடுவது. அந்தக் கோவிலில் கக்கூஸ் எங்கே இருக்கிறது. வடக்குப் பக்கம் ஒன்று இருந்தது. பூட்டி வைத்திருப்பார்கள். பட்டு வேட்டி. இதை நினைக்க நினைக்க அடிவயிற்றில் ஒரு கயிறு முறுக்கிக்கொண்டே வருகிறது, நினைப்பதால் முறுக்குகிறதா முறுக்குவதால் நினைக்கிறேனா என்று தெரியவில்லை. ஒன்றும் ஆகாது. வயிற்றைக் கட்டுகிற மாத்திரை இரண்டு போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறியிருக்கிறேன். ரூட்டில் இருந்த காலத்தில் அதைப் போட்டுக்கொண்டுதான் இழுத்துப் பறித்துப் பொழுதை ஓட்டினேன். அது பிடிக்கும். ஆனால் வயிறு கல்லு மாதிரி உப்பிக்கொண்டு வருகிறதே. வாயு. வாயுவாகத்தான் இருக்கும்.

மதுரையில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் குடல் வியாதிக்காரர்களுக்கென்றே ஒரு சிஸ்டர் உண்டு என்று யாராவது முன்னால் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். பிரசவத்துக்கு இருக்கும், ஆபரேஷனுக்கு இருக்கும், வெளிக்குப் போவதை விசாரிப்பதற்கென்று ஒரு சிஸ்டரா. போன ஐப்பசியில் எழுந்து நடக்க முடியாமல் கிடந்தபோது உலகு வந்து காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனாள். குழாய் விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடல் முழுக்கப் புண் என்றார் டாக்டர், அல்சரேட்டிவ் கொலைடிஸ் என்று பேர் சொன்னார். முப்பது வருசமாய் மூலச்சூடு என்று மோரைக் குடித்துக்கொண்டிருந்தவனுக்கு அந்தப் பேர் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. டாக்டர் நின்றபடியே பேசினார், மாத்திரையில் அடங்கும், அடங்காவிட்டால் ஊசி, அதற்கும் கேட்காவிட்டால் பெருங்குடலை எடுத்துவிட்டு வயிற்றின் மேல் பை வைக்க வேண்டியிருக்கும், இந்த வயதில் அந்த ஆபரேஷன் லேசு இல்லை, அந்த அளவுக்குப் போக விடக்கூடாது என்றார். போய்விட்டார். அதற்குப் பிறகுதான் பியூலா சிஸ்டர் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது. உலகு வயதுகூட இருக்காது, நாசரேத் பக்கத்துப் பிள்ளை. உலகுவைப் பார்த்து, "அக்கா, நீங்க கீழ போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டது. ஒரு தாளின் பின்பக்கத்தில் குடலை வரைந்தது, 'ப'வைக் கவிழ்த்து வைத்த மாதிரி. பிறகு கேட்க ஆரம்பித்தது. தண்ணியாகப் போகிறதா, கட்டியாகவா. ரத்தம் மேலே ஒட்டியிருக்கிறதா, கலந்து வருகிறதா. அடக்க முடிகிறதா, ஓட வேண்டியிருக்கிறதா. சாப்பிட்டீங்களா என்று கேட்கிற அதே குரலில் கேட்டது. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அய்யா, என்னையப் பாத்துச் சொல்லுங்க. எனக்கு இதுல ஒரு அருவருப்பும் கிடையாது, இதுக்குத்தான் எனக்குச் சம்பளம். நீங்க வீட்டுக்குப் போயிருவீங்க, நீங்க சொல்லாம இங்க இருக்கிற எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க சொல்றத வச்சுத்தான் மாத்திரையக் கூட்டணுமா குறைக்கணுமான்னு டாக்டர்கிட்ட நான் பேச முடியும்." தலையை ஆட்டினேன். அப்போது ஆட்டியதெல்லாம் நிஜமாகத்தான் ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்த பிறகு சிஸ்டரிடமிருந்து போன் வந்தது. "எப்படி இருக்கீங்கய்யா?" "நல்லா இருக்கேம்மா." "போறதெல்லாம் சரியா இருக்கா?" "பரவாயில்லம்மா." "ரத்தம்?" "அதெல்லாம் இல்லம்மா." அப்போது அது பொய் இல்லை. ஸ்டீராய்டு மாத்திரையைக் கொஞ்சம் குறைத்தது. அடுத்த தடவை கூப்பிட்டபோது இரண்டு நாளாய்ச் சளி மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. நல்லா இருக்கேம்மா. இன்னும் குறைத்தது. அதற்கடுத்த தடவை ரத்தக்கீற்று. அப்போதும் வாய் அதையே சொன்னது. எப்படி இருக்கீங்க என்பது ஒரு கேள்வியா என்ன. வீட்டுக்குள் நுழைகிறவன் செருப்பைக் கழற்றுகிற மாதிரி, யோசித்தா கழற்றுகிறோம். எதிரில் வருகிறவன் கேட்பான், நல்லா இருக்கேன் என்போம், அவனும் போவான், நாமும் போவோம். இழவு வீட்டில் பிணத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே கேட்பார்கள், நல்லா இருக்கேன் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு பொம்பளைப் பிள்ளை இவ்வளவு தூரத்திலிருந்து அக்கறையாகக் கேட்கும்போது வாயைத் திறந்து பீ, ரத்தம் என்று எப்படி ஆரம்பிப்பது. நான் நல்லா இருக்கேன் என்றதும் அந்தப் பிள்ளை குரலில் ஒரு சந்தோஷம் வரும், "ரொம்ப நல்லதுய்யா" என்று சொல்லும். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வராது. இப்படியே நான் நல்லா இருக்க இருக்க மாத்திரை குறைந்துகொண்டே வந்து இப்போது பாதி மாத்திரையில் நிற்கிறது. அடுத்து அதையும் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் டாக்டர் சொன்ன இடத்துக்குத்தான் போய் நிற்கும், பை வைக்கிற இடம். வயிற்றின் மேல் தோல்பை கட்டிக்கொண்டு ஒரு ஆயுசு ஓட்டியாயிற்று. கடைசியில் இன்னொரு பை.

ஆவுடை இருந்திருந்தால் இந்தப் போன் அவள் கையில் இருந்திருக்கும். கல்யாணமான நாளிலிருந்து எந்த டாக்டரிடமும் நான் வாயைத் திறந்ததில்லை, திறந்தாலும் தெர்மாமீட்டர் வைக்கத்தான் திறப்பேன். என் மனைவி பேசுவாள். நாற்காலியில் நான் இருப்பேன், பின்னால் அவள் நிற்பாள், டாக்டர் என்னைக் கேட்பார், பதில் என் தலைக்கு மேலே போகும். "அவுகளுக்கு நேத்திலருந்து சரியில்ல டாக்டர், சீதமும் ரத்தமுமா போகுது, சொல்ல மாட்டாக, நாந்தான் பாத்தேன்." எதைப் பார்த்தாள், எப்போது பார்த்தாள், எனக்குத் தெரியாது. அவளிடமும் நான் சொன்னதில்லை. வாளியில் தண்ணீர் விழுகிற சத்தத்திலிருந்து தெரிந்துகொள்வாளோ, வெளியே வரும்போது என் முகத்தைப் பார்த்தோ. ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். தட்டில் சோற்றுக்குப் பதில் கஞ்சி இருக்கும். கஞ்சியைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும், இது இவளுக்குத் தெரிந்துவிட்டது என்று. குடித்துவிட்டு எழுந்திருப்பேன். ஒருநாள் மத்தியானம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள், கையில் தேங்காய்நாரோடு. மூன்று வருசம் ஆகிறது. அதற்குப் பிறகு எந்த நாள் கஞ்சி நாள், எந்த நாள் சோற்று நாள் என்று சொல்ல ஆளில்லாமல் நான் எல்லா நாளும் சோறே தின்றுகொண்டிருந்தேன்.

சவரிமுத்துவும் அப்படித்தான். இந்த ரூட்டிலேயே எனக்கு ரொம்ப வருசம் டிரைவராக இருந்தவன். இந்த ரோட்டில் எந்தெந்த இடத்தில் மறைவு உண்டு என்று இன்றைக்கும் என்னால் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும். மற்றவர்கள் ஊர்ப்பேரை வைத்து ரோட்டை நினைப்பார்கள், நான் கருவேல மரத்தையும் பாலத்து அடியையும் வைத்து நினைப்பேன். பருத்திக்காட்டில் செடி வளர்ந்திருக்கிற மாசம் நிம்மதி, வெட்டவெளியாய்க் கிடக்கிற மாசம் பயம். பெரிய ஸ்டாப்பிங் என்றால் டைம் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறேன் என்று ஓடலாம், நடுரோட்டில் எந்தக் கையெழுத்தைப் போடுவது. ஒருநாள் கழுகுமலை தாண்டி வந்துகொண்டிருக்கிறோம், டிக்கெட் கிழிக்க முடியவில்லை, கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறேன், வேர்த்து ஊற்றுகிறது. கண்ணாடியில் பார்த்திருப்பான் போல. வண்டியை ஓரங்கட்டினான். "பின்டயர்ல காத்து இருக்கான்னு பாக்கணும்" என்று பொதுவில் ஒரு சத்தம் கொடுத்துவிட்டு இறங்கினான். டயரை ஒரு உதை. குனிந்து பார்த்தான். பீடி பற்ற வைத்தான். இன்னொரு உதை. நான் பாலத்துக்கு அடியில் போய்விட்டுத் திரும்பி வருகிற வரைக்கும் அந்த டயரில் காற்று பார்த்துக்கொண்டே இருந்தான். அதற்குப் பிறகு எத்தனை தடவை அந்த டயரில் காற்று பார்த்திருப்பான். அவன் என்னிடம் கேட்டதில்லை, நான் சொன்னதில்லை. அவன் ரிட்டயர் ஆன அன்றைக்கு மாலை போட்டுக்கொண்டு நிற்கும்போது மட்டும், "இனிமே வாரவனுக்கு டயர் பாக்கத் தெரியுமோ என்னமோ வே" என்றான். அவ்வளவுதான். சொல்லாமலே தெரிந்துகொள்கிறவர்களாகவே எனக்கு வாய்த்துவிட்டார்கள். அதனால் என் வாய் வளரவே இல்லை.

"அண்ணாச்சி, ஒரு கடலமிட்டாய் எடுத்துக்கிடும்." பக்கத்து சீட்டுக்காரர் பொட்டலத்தை நீட்டுகிறார். ஏறியதிலிருந்து பேசிக்கொண்டே வருகிறார். சங்கரன்கோவிலில் தறி வைத்திருக்கிறாராம், கோவில்பட்டியில் ஒரு கடைக்காரன் துண்டு வேண்டும் என்று வரச்சொல்லிவிட்டு, கொண்டுபோனதும் கலர் சரியில்லை என்று திருப்பிவிட்டானாம், காலுக்கடியில் அந்தத் துண்டுக் கட்டு. "கலரு சரியில்லயாம். குளிச்சிட்டுத் தொடைக்கப் போறான், கண்ணாடி முன்னால நின்னு அழகா பாக்கப் போறான்? எடுத்துக்கிடும் அண்ணாச்சி, சுகர் கிகர் இருக்கோ?" இல்லை என்கிறேன். "பெறகு என்ன, பல்லு கொட்டிப் போச்சா? பிச்சுத் தாரன்." கடலை எனக்கு ஆகாது என்று சொன்னால் ஏன் என்பார். வாங்கிக்கொள்கிறேன். கையில் பிசுபிசுக்கிறது. அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் பையின் பக்கவாட்டில் போட்டுவிடலாம். திரும்ப மாட்டேன் என்கிறார். "தின்னும், தின்னும்" என்கிறார். கடிக்கிற மாதிரி வாயருகே கொண்டுபோகிறேன். வெல்ல வாசம் மூக்கில் ஏறியதும் குமட்டுகிறது. வயிறு உப்பிக்கொண்டே போகிறது, மாத்திரை பிடித்திருக்கிறது, பிடித்திருப்பதற்கு மேலே ஏதோ நின்று தள்ளுகிறது, ஒருவேளை இது வாயு இல்லையோ, உடம்பு லேசாய்ச் சுடுகிற மாதிரியும் இருக்கிறது, வெயில்தான், ஜன்னல் வழியாய்க் கழுகுமலைப் பாறை தெரிகிறது, இன்னும் பாதித் தூரம்கூட வரவில்லை, ஆவுடை, ஒரு வார்த்தை நீயே அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிடேன்.

போன் அடிக்கிறது. நெஞ்சுக்கு மேலேயே அடிக்கிறது. நான் ஜன்னலைப் பார்க்கிறேன். அடித்து அடித்து ஓய்கிறது. "ஒம்ம போன்தான் அண்ணாச்சி" என்கிறார் தறிக்காரர். "தெரியும்" என்கிறேன். "கடங்காரனோ?" என்று சிரிக்கிறார். மறுபடி அடிக்கிறது. முன்சீட்டுப் பெண் திரும்பிப் பார்க்கிறாள். எடுக்காவிட்டால் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். எடுத்துக் காதில் வைக்கிறேன். "தளவாய் அய்யாவா? பியூலா பேசுறேன். எப்படி இருக்கீங்கய்யா?" "நல்லா இருக்கேம்மா." வந்துவிட்டது. நான் சொல்லவில்லை, அதுவாக வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொள்கிறேன். "ரொம்ப நல்லதுய்யா. சத்தமா இருக்கே, வெளியிலயா இருக்கீங்க?" "பேத்திக்குக் காதுகுத்தும்மா. பஸ்ல போயிட்டிருக்கேன்." "அப்படியா, நல்லா நடக்கட்டும். அப்ப அந்தப் பாதி மாத்திரையையும் நாளையோட நிறுத்திரலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்லுறேன்யா, என்ன?" "சரிம்மா." முடிந்தது. இனி வைத்துவிடும். அடிவயிற்றில் முறுக்கின கயிறு ஒரு நொடி தளர்ந்த மாதிரிகூட இருக்கிறது, தப்பித்துவிட்டோம் என்று, எதிலிருந்து தப்பித்தேன், யாரிடமிருந்து. அந்தப் பக்கம் வைக்கிற சத்தம் கேட்கவில்லை. தாள் புரட்டுகிற சத்தம். பிறகு, "அய்யா, நல்லா இருக்கீங்கன்னா விடியக்காலையில எதுக்கு எனக்கு ஒரு ரிங் குடுத்தீங்க?" ரிங் போயிருக்கிறது. "கை தவறிப் பட்டிருக்கும்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். எடுத்த வாய் அப்படியே நின்றது. சிஸ்டர் ஒன்றும் கேட்கவில்லை, காத்துக்கொண்டிருந்தது. பாத்திரம் துலக்குகிற இடத்திலிருந்து தட்டில் கஞ்சி ஊற்றுகிறவரைக்கும் ஆவுடை ஒன்றும் கேட்காமல் இருப்பாளே, அதுவல்ல இது. அவள் தெரிந்துகொண்டு பேசாமல் இருந்தாள், இந்தப் பிள்ளை தெரியாமல் பேசாமல் இருக்கிறது. நான் சொன்னால்தான் தெரியும். "ரத்தம் போகுதும்மா" என்றேன். "என்னதுய்யா? கேக்கல, பஸ் சத்தமா இருக்கு." மெல்லச் சொன்னது கேட்காது. இந்த மாதிரி இன்ஜின் சத்தத்துக்கு மேலே எப்படிப் பேச வேண்டும் என்று என் தொண்டைக்குத் தெரியும், கடைசி சீட்டில் தூங்குகிறவனுக்கும் ஊர்ப்பேர் கேட்கிற மாதிரிக் கத்தியே காலம் போனது. "ரத்தம் போகுதும்மா" என்றேன் அந்தக் குரலில். "வெளிக்குப் போறப்ப ரத்தம் போகுது. கலந்து போகுது."

பஸ் முழுக்கக் கேட்டிருக்கும். கேட்டது. டிக்கெட் மெஷினோடு நின்ற கண்டக்டர் பையன் திரும்பினான். முன்சீட்டுப் பெண் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எத்தன நாளாய்யா?" ஒரு வாரத்துக்கு மேல். "ஒரு நாளைக்கு எத்தன தடவ?" எண்ண பயமா இருக்கும்மா, எட்டு இருக்கும், பத்தும் இருக்கும். "ராத்திரி எந்திரிக்கிறீங்களா?" ஆமா. "காய்ச்சல்?" இப்பச் சுடுற மாதிரி இருக்கு. ஒவ்வொன்றாகக் கேட்டது, அதே சாப்பிட்டீங்களா குரல், நானும் ஒவ்வொன்றாகச் சொன்னேன், ஆச்சரியமாக இருந்தது, முதல் வார்த்தைக்குத்தான் அவ்வளவு கஷ்டம், அதற்குப் பிறகு ஊர்ப்பேர் சொல்லிக்கொண்டு போகிற மாதிரி ஒன்றுக்குப் பின் ஒன்றாய் வந்தது. "அய்யா, வேற மாத்திரை ஏதாச்சும் போட்டீங்களா?" "பஸ்ல வரணும்னு கட்டுறதுக்கு ரெண்டு மாத்திரை போட்டுக்கிட்டேம்மா." அப்போதுதான் அந்தக் குரல் மாறியது. உரக்கவில்லை, வேகம் குறைந்தது. "வயிறு உப்பியிருக்கா? அமுக்கினா வலிக்குதா?" உப்பியிருக்கு, வலிக்குது. "அய்யா, நான் சொல்றத நல்லாக் கேளுங்க. ரத்தம் போறப்ப அந்த மாத்திரை போடக்கூடாது. குடல் அசையாம நின்னு வீங்கிரும், அது ஆபத்து. இனிமே ஒண்ணுகூடப் போடாதீங்க. காதுகுத்துக்குப் போக வேண்டாம். இப்பவே திரும்பி இங்க வாங்க, தனியா வராதீங்க. நான் டாக்டர்கிட்டயும் எமர்ஜென்சிலயும் சொல்லி வைக்கிறேன். ஸ்டீராய்டையும் நீங்களா நிறுத்தக்கூடாது. வலி கூடினாலோ மயக்கமா வந்தாலோ மதுரை வரைக்கும் பாக்காதீங்க, பக்கத்துல எந்த ஆஸ்பத்திரியோ அங்க போயி எனக்குப் போன் குடுங்க, நான் பேசுறேன். பக்கத்துல யாராவது இருக்காங்களா?" நான் சுற்றிப் பார்த்தேன். "ஒரு பஸ்ஸே இருக்கும்மா" என்றேன். அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு. "சொன்னீங்களே, அது போதும்யா. வாங்க. இன்னைக்கே சரியான டயத்துல சொல்லியிருக்கீங்க." வைத்துவிட்டது. அது உண்மையா, எனக்காகச் சொன்னதா, யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை.

"அந்த மிட்டாய இங்க குடும்" என்றார் தறிக்காரர். என் கையிலிருந்து பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தார். "ஆகாதுன்னா ஆகாதுன்னு சொல்ல வேண்டியதானய்யா. நான் என்ன வாயில வச்சா திணிக்கப் போறேன்?" திணித்தார்தான். "வண்டிய நிறுத்தச் சொல்லட்டா?" என்று கேட்டார். "நான் சொல்லுதேன்" என்றேன். எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கண்டக்டர் பையன் அதற்குள் பக்கத்தில் வந்துவிட்டான். "தம்பி, வயித்துக்கு முடியல. போயாகணும். நிறுத்து" என்றேன். அவன் விசில் ஊதினான். ஒரே விசில், நீளமாய். கழுகுமலைக்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்க், அதன் வாசலில் வண்டி நின்றது. படியிலிருந்து இறங்கும்போது தறிக்காரர் காலுக்கடியில் குனிந்து கட்டைப் பிரித்து ஒரு துண்டை உருவி என் தோளில் போட்டார், கலர் சரியில்லாத துண்டு, கத்தரிப்பூவும் இல்லாமல் நீலமும் இல்லாமல் ஒரு கலர். "எதுக்கும் இருக்கட்டும்" என்றார். பங்க்காரனிடம் சாவி கேட்டு, பின்பக்கம் ஓடி, எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. பயந்த அளவுக்கு ஒன்றும் போகவில்லை, மாத்திரை கட்டியிருக்கிறது, வந்ததெல்லாம் ரத்தம்தான். கையைக் கழுவிக்கொண்டு துண்டில் முகத்தைத் துடைத்தபோது புதுக் கஞ்சி வாசம் அடித்தது, தறியில் நூலுக்குப் போடுகிற கஞ்சி. வெளியே வந்தேன். பஸ் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் இறங்கவில்லை. யாரும் டயரைப் பார்க்கவில்லை. ஜன்னல் ஜன்னலாய் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தரைக்குள் போய்விடலாம் என்று இருந்திருக்க வேண்டும் எனக்கு. அப்படி ஒன்றும் தோன்றவில்லை. "நான் ஏறல தம்பி. எதிர்ப்பக்கம் பஸ் பிடிச்சுத் திரும்பணும்" என்றேன். பையன் என் துணிப்பையை எடுத்துக் கொடுத்தான். முன்சீட்டுப் பெண் ஜன்னல் வழியாய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள், என் முகத்தைப் பார்த்தே நீட்டினாள். "தனியா போவாதீரும், ஆளக் கூப்பிடும்" என்று தறிக்காரர் கத்திக்கொண்டே போனது புழுதிக்குள் கேட்டது.

பங்க் வாசலில் ஒரு பெஞ்சு. உட்கார்ந்து பையைத் திறந்தேன், தோட்டு டப்பா மேலேயே இருந்தது. யார் மடியில் வைப்பார்கள். தம்பி மகன் மடியில் வைப்பார்கள். ஆசாரி கம்பியை எடுப்பார், பிள்ளை வீரிடும், நான் இல்லாமலே காது குத்தி முடியும். உலகுவைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டு என்ன என்று ஆரம்பிப்பது. காதுகுத்து முடியட்டும், பிறகு சொல்லலாம், பஸ் பிரேக் டவுன் என்று சொல்லலாம், முகூர்த்த நேரத்தில் மகளைக் கலங்கவைக்கக் கூடாது, டயர் பஞ்சர் என்று சொல்லலாம். டயர். நம்பரை எடுத்துவைத்துக்கொண்டு அழுத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அதுவே அடித்தது. உலகுதான். பின்னால் மேளச்சத்தம். "அப்பா, எங்க வந்துட்டிருக்கீய? தட்டெல்லாம் எடுத்து வச்சாச்சு, ஆசாரி வந்துட்டாரு. நல்லா இருக்கீயள்லா?" அந்த வார்த்தை பழகின இடத்தில் வந்து, பல்லுக்குப் பின்னால் தயாராய் நின்றது. துண்டை எடுத்து வாயைத் துடைத்தேன். "இல்ல தாயி. நல்லா இல்ல" என்றேன். மேளம் அடித்துக்கொண்டே இருந்தது. "என்னப்பா செய்யுது?" என்றாள். ஆவுடை குரல் மாதிரியே இருந்தது, ஆனால் ஆவுடை இதைக் கேட்டதே இல்லை.

"நீ சத்தமில்லாத இடத்துக்கு வா" என்றேன். "எல்லாத்தையும் சொல்லுதேன்."